மூன்று திங்கட் கணக்கு

ஊத்துக்குளி என்றவுடன் தமிழர்க்கு முதலில் நினைவுக்கு வருவது வெண்ணெய். பாலைக் கறந்து, உறையூற்றி, கடைந்து திரட்டுதற்கு ஒருநாட் பொறுமையேனும் வேண்டும். அப் பாலைத் தரும் எருமையைக் கன்றிலிருந்து வளர்த்தெடுப்பதற்கோ ஆண்டுக்கணக்கான பொறுமை வேண்டும். அவ்வூரிலிருந்து மேற்கே புகைவண்டியில் சிறிது நேரத்தில் எட்டிவிடும் திருப்பூரிலோ பொறுமைக்கு விலையே இல்லை. அங்குக் காலம் என்பது அடுத்த பனியன் பெட்டி கப்பலேறும் நாள். எதிர்காலம் என்பது அடுத்த பருவத்திற்கு வெளிநாட்டான் தரப்போகும் வேண்டுகை. திருப்பூரின் ஊடே புகுந்து, ஊத்துக்குளிக்குத் தெற்கே கடந்து செல்லும் நொய்யலாறு இவ்விரு கணக்குகளையும் கண்ட சான்று.

வெள்ளியங்கிரி மலைப்பகுதியில் தோன்றிக் கரூர் மாவட்டத்தில் காவிரியிற் கலக்கும் அவ்வாற்றின் குறுக்கே, ஊத்துக்குளிக்குத் தென்கிழக்கிலுள்ள ஒரத்துப்பாளையத்தில் 1992-இல் அணையொன்று கட்டி முடிக்கப்பெற்றது. ஈரோடு, கரூர்ப் பகுதிகளில் பத்தாயிரம் ஏக்கர் அளவிலான நிலத்திற்கு நீர் தருதல் அதன் நோக்கம். சில ஆண்டுகளுக்குள் அதில் தேங்கியதோ திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு. தம் வயலுக்கென்று கட்டிய அணையைத் திறந்துவிட வேண்டாவென்று உழவரே மன்றாடிய கொடுமை வேறெங்கேனும் நிகழ்ந்ததுண்டா?

இதன் கரணியத்தை அறிவதற்குப் பெரிய அறிவியற் பயிற்சி வேண்டுவதில்லை. பருத்தித் துணியில் சாயம் ஏறுதற்கு உப்பை மிகுதியாகக் கரைக்க வேண்டும். நிறம் துணியோடு போய்விடும். உப்பு நீரோடு வெளியேறும். அந்நீரைத் துப்புரவாக்கிச் சவ்வின் வழியே அழுத்திப் பிரித்து, எஞ்சிய உவரைக் காய்ச்சி உப்பாக மீட்டால், நீரும் உப்பும் மீண்டும் பட்டறைக்கே பயன்படும். அதற்கு முதலீடும் மின்செலவும் மிகுதி. செய்யாது விட்டால் அச்செலவு ஏட்டில் ஏறாது. ஏறாத செலவை ஊதியமென்று எழுதிக்கொண்டனர். உண்மையில் அது கீழ்மடை உழவனின் கிணற்றிலிருந்து எடுத்த கடன். எழுதிக் கொடுக்காத கடன்.

உழவர் வழக்குத் தொடுத்தனர். கழிவு ஒருசொட்டும் ஆற்றிற் கலவாதிருக்கும் முறையை நிறுவுமாறு சென்னை உயர் முறைமன்றம் 2006-இல் ஆணையிட்டது. நிறுவும்வரை வெளியேற்றும் நீருக்கு இலிட்டர்க் கணக்கில் தண்டமும் விதித்தது. 2009-இல் இந்திய உச்ச மன்றமும் அவ்வாணையை உறுதிசெய்தது. அதன் பின்னரும் காலநீட்டிப்பு, காலநீட்டிப்பு என்றே நாள்கள் கழிந்தன. 2011 சனவரித் திங்களில் உயர் முறைமன்றம் சாய, வெளுப்புப் பட்டறைகள் அனைத்தையும் மூடுமாறு ஆணையிட்டது. எழுநூற்றுக்கு மேற்பட்ட பட்டறைகள் மூடப்பெற்றன. துணி சாயமேற வெளியூர்களுக்கும் வெளிமாநிலங்களுக்கும் சென்றது. கூலியாட்கள் வேலையிழந்தனர். பொதுத் துப்புரவு நிலையங்களைச் செம்மை செய்வதற்கு அவ்வாண்டே தமிழக அரசு வட்டியில்லாக் கடனாக 200 கோடி உருபா தர வேண்டியதாயிற்று. முன்னரே செய்திருக்க வேண்டியதைப் பொதுப்பணத்தைக் கொண்டும் வற்புறுத்தலைக் கொண்டும் பின்னர்ச் செய்தனர். செய்தபின் தொழில் அழிந்துவிடவில்லை என்பதையும் கூறல் வேண்டும். கழிவுநீரை மீட்டுப் பயன்படுத்தும் அருந்திறனை இன்று திருப்பூரே பெருமையாக எடுத்துக் கூறுகிறது. இத் திறன் 1992-க்குப் பின் மெல்லமெல்ல வளர்க்கப்பட்டிருப்பின், கீழ்மடையில் எத்தனை தோட்டங்கள் தப்பியிருக்கும்!

முதலாளிகள் சார்பில் ஒன்று கூறப்படுவதுண்டு. ஐரோப்பிய, அமெரிக்கக் கொள்வோர் ஒவ்வொரு பருவத்திலும் விலையைக் குறைத்துக் கேட்கின்றனர். மறுத்தால் வங்காள நாட்டிற்குச் செல்கின்றனர். நெடுநோக்கிற்கு இடமெங்கே என்பர். இதில் உண்மை உண்டு. சிறு பட்டறைக்காரனுக்கு அது முழு உண்மை. ஆனால் ஆண்டுதோறும் புதுக் கட்டடமும் புதுப் பொறியும் வாங்கிக் குவிக்க முடிந்த பெரு முதலாளிகளுக்கு அச்சொல் பொருந்தாது. அவர்களுக்கு இல்லாதது பணமன்று; ஐந்தாண்டிற்கு அப்பால் பார்க்கும் கண்.

இந்நோய் திருப்பூர்க்கே உரியதுமன்று. அமெரிக்காவின் போயிங் நிறுவனம் ஒருகாலத்தில் பொறிஞர்களின் நிறுவனமாக இருந்தது. பின்னர்ப் பங்குவிலையே அதன் தலைவர்களுக்கு அளவுகோலாயிற்று. 2013 முதல் 2019 வரை தன் பங்குகளைத் தானே திரும்ப வாங்குவதற்கு அது 4,000 கோடி டாலருக்கு மேல் செலவிட்டது. அக்காலத்திலேயே புதிய வானூர்தியை முதலிலிருந்து வடிவமைக்காது, பழைய வடிவத்திற்கே பெரிய பொறியைப் பொருத்தி விற்றது. 2018-இலும் 2019-இலும் அவ்வகை வானூர்திகள் இரண்டு வீழ்ந்து 346 மாந்தர் மாண்டனர். மூன்று திங்களுக்கு ஒருமுறை கணக்குக் காட்டும் தலைவன், முப்பது ஆண்டு பறக்கவேண்டிய ஊர்தியை எங்ஙனம் ஆக்குவான்?

திருப்பூரில் இதன் மற்றொரு முகம், பின்னற்பொறி. துணி பின்னும் வட்டப்பொறிகள் பெரும்பாலும் செருமனி, சப்பான், தைவான் நாடுகளிலிருந்தே வருகின்றன. இத்தனை ஆண்டுகளாக ஆடை விற்றுப் பெயர்பெற்ற ஊர், ஆடை பின்னும் கருவிக்குப் பிறர் கையையே எதிர்பார்க்கிறது. கொங்கு நாட்டார்க்கு அத்திறன் இல்லையென்று எவரும் கூறார். கோவையில் 1956-இல் தென்னிந்தியத் துணி ஆராய்ச்சிக் கழகம் நிறுவப்பெற்றது. 1962-இல் இலட்சுமி இயந்திரத் தொழிலகம் தொடங்கப்பெற்று நூற்கும் பொறிகளை ஆக்கியது. அன்றைய ஆலை முதலாளிகள் நூலை மட்டும் விற்று அமைந்திருந்தால் அது தோன்றியிராது. பொறியை வாங்குவது ஓர் ஆண்டுச் செலவு; பொறியை ஆக்கக் கற்பது ஒரு தலைமுறைச் செலவு. பின்னவரோ முன்னதையே எளிதென்று கொண்டனர்.

2025 ஆகத்தில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள்மேல் 50 விழுக்காடு வரி சுமத்தியபோது திருப்பூர் நடுங்கியது. ஒரு கொள்வோனைப் பெரிதும் நம்பியிருந்த கேடு அன்று அனைவர்க்கும் விளங்கிற்று. பருத்தியை மட்டும் நம்பாது செயற்கை இழை ஆடைக்கும் மாறவேண்டும் என்னும் பேச்சு முன்னரே எழுந்திருந்தது. இனி அது வலுக்கும். மாறுவதில் தவறில்லை. செயற்கை இழைக்குச் சாயமேற்ற அத்துணை உப்பு வேண்டுவதில்லை. ஆனால் அத்துணியை அலசுந்தோறும் மக்காத நுண்டுகள்கள் நீரிற் கழல்கின்றன. அத்துகள்கள் எங்குச் சென்று தங்கும் என்பதைப் பொறிகளை இறக்குமதி செய்யுமுன்னரே, கடன்விண்ணப்பத்தை நிரப்புமுன்னரே, கணக்கிட்டுக் காட்டுமாறு அரசு கேட்டல் வேண்டும். அக்கணக்கைப் பார்க்கும் குழுவில் ஒரத்துப்பாளையத்து உழவர் ஒருவர்க்கும் இருக்கை இருத்தல் வேண்டும்.