மஃப்டியில் வாருங்கள்!

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குள் செல்போனில் நடக்கும் வம்புக்கெல்லாம் போலீஸ் எதற்கு? இந்தக் கேள்வியை எங்கே போட்டாலும் இரண்டு கட்சிகள் உடனே தயார். ஒரு கட்சி, "நாலு பேரைப் பிடித்து உள்ளே வைத்தால் மற்றவன் அடங்குவான்" என்கிறது. இன்னொரு கட்சி, "வாத்தியார் கண்டித்தால் போதும், ஸ்டேஷன் வாசலை மிதித்தால் பிள்ளையின் எதிர்காலம் போச்சு" என்கிறது. பட்டிமன்றத்துக்கு நல்ல தலைப்புதான். ஆனால் இரண்டு கட்சியும் ஒரு விஷயத்தை யோசிப்பதே இல்லை. பாதிக்கப்பட்ட பிள்ளை எந்தக் கதவைத் தட்டும்?

எதைப் பற்றிப் பேசுகிறேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் சாதியைச் சொல்லிக் கேலி செய்வது. ஒரு பெண்ணின் பெயரில் போலி இன்ஸ்டாகிராம் கணக்கு தொடங்குவது. அவள் முகத்தை வேறு படத்தில் ஒட்டி ஊரெல்லாம் அனுப்புவது. இதற்கெல்லாம் பெரிய தொழில்நுட்ப அறிவு எதுவும் தேவையில்லை. 2020 ஊரடங்கில் பாடம் படிக்கவென்று கிராமத்து வீடுகளுக்குள் வந்த செல்போன் ஒன்றே போதும்.

சென்னையில் இருக்கும் நமக்கு இது அவ்வளவு பெரிய சிக்கலாகத் தெரியாது. தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992ல் திறக்கப்பட்டது நம் ஆயிரம் விளக்கில்தான். மயிலாப்பூர், தி.நகர், அடையாறு என்று எங்கிருந்தாலும் ஆட்டோ பிடித்தால் ஒரு மகளிர் காவல் நிலையத்துக்குப் போய்விடலாம். போனது அடுத்த தெருவுக்குக்கூடத் தெரியாது. 2022ல் சென்னைக் காவல்துறை "சிற்பி" என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. நகரத்தின் 100 பள்ளிகளில், பள்ளிக்கு 50 எட்டாம் வகுப்பு மாணவர்களைச் சேர்த்து, சட்டம், ஒழுக்கம், போதைப்பொருளின் ஆபத்து என்று சொல்லித்தந்தார்கள். போலீஸ் அங்கிள் சிரித்துப் பேசுவார் என்பதாவது அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும்.

கிராமத்தில் கதையே வேறு. ஸ்டேஷன் இருப்பது பெரும்பாலும் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில். ஒரு மாணவி உள்ளே நுழைந்தால் சாயங்காலத்துக்குள் அப்பாவுக்குச் சேதி போய்விடும். சைபர் கிரைம் பிரிவோ மாவட்டத் தலைநகரில். போக இரண்டு பஸ் மாற வேண்டும், கூட வருபவருக்கு ஒரு நாள் கூலி போகும். 1930க்குப் போன் செய்யலாம், இணையத்தில் புகார் கொடுக்கலாம் என்பீர்கள். வீட்டில் இருப்பதே ஒரு போன், அதுவும் அண்ணன் கையில்! விஷயம் வெளியே தெரிந்தால் நிறுத்தப்படுவது படம் போட்டவனின் படிப்பு இல்லை, அவளுடைய படிப்பு. அதனால்தான் அவள் வாயைத் திறப்பதில்லை.

தைரியமாகக் கதவைத் தட்டியவர்களுக்கு என்ன நடந்தது? 2016 ஜூனில் சேலம் மாவட்டம் இளம்பிள்ளையில் நடந்தது நினைவிருக்கிறதா? பட்டப்படிப்பு முடித்த 21 வயதுப் பெண். அவருடைய முகத்தை ஒட்டிய ஆபாசப் படம் ஃபேஸ்புக்கில் வந்தது. அப்பா போலீசில் புகார் கொடுத்தார். படம் இறங்கவில்லை, இன்னொரு படமும் வந்தது. அந்தப் பெண் தன் உயிரை விட்டார். விசாரிக்கப் போலீஸ்காரர் ஒருவர் செல்போனை லஞ்சமாகக் கேட்டார் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. மாவட்ட எஸ்.பி. மன்னிப்புக் கேட்டார். அதனால் என்ன, போன உயிர் வருமா?

2019 பொள்ளாச்சி வழக்கில் புகார் கொடுத்த பெண்ணின் அடையாளத்தை எஸ்.பி.யே பத்திரிகையாளர்களிடம் வெளியிட்டுவிட்டார். 2025 மே மாதம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை கிடைத்தது, மகிழ்ச்சி. ஆனால் பெயர் வெளியான அந்த ஒரு நாளில் எத்தனை பெண்கள் புகார் கொடுக்கும் எண்ணத்தையே விட்டிருப்பார்கள்?

"அப்படியானால் போலீசே வேண்டாம், பள்ளியே பார்த்துக்கொள்ளட்டும்" என்கிறீர்களா? அதிலும் ஆபத்து இருக்கிறது. 2023 ஆகஸ்ட் 9, நாங்குநேரி. இது செல்போன் விவகாரம் இல்லைதான், ஆனாலும் பாடம் ஒன்றுதான். சாதி வெறியில் சக மாணவர்கள் கொடுமைப்படுத்தியதால் பள்ளிக்குப் போகாமல் நின்ற பட்டியலின மாணவர், ஆசிரியர் விசாரித்ததும் நடந்ததைச் சொன்னார். அன்று இரவே வீடு புகுந்து அவரையும் தங்கையையும் அரிவாளால் வெட்டினார்கள். புகாரை வாங்கிக்கொள்ளத் தெரிந்த பள்ளிக்கு, புகார் கொடுத்தவரைக் காப்பாற்ற வழி இல்லை. அந்த வேலைக்குத்தான் போலீஸ் வேண்டும்.

ஆக, போலீஸ் வேண்டுமா வேண்டாமா என்பதல்ல கேள்வி. எப்படி வருவது என்பதே கேள்வி. என்னைப் பொறுத்தவரை அந்தப் பிள்ளை ஸ்டேஷனுக்குப் போகவே கூடாது. போலீஸ்தான் அவளிடம் வர வேண்டும், அதுவும் மஃப்டியில்.

இது என் கற்பனை இல்லை நண்பர்களே, ஏற்கனவே சட்டத்தில் இருப்பதுதான். பாலியல் தொடர்பான புகார் என்றால், 2012 போக்சோ சட்டத்தின்படி குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோதான் வாங்க வேண்டும். கூடுமானவரை எஸ்.ஐ. அந்தஸ்துக்குக் குறையாத பெண் அதிகாரி வாங்க வேண்டும், சீருடையில் வரக் கூடாது. பெயர் வெளியே போகக் கூடாது. விஷயம் தெரிந்தும் சொல்லாமல் மூடி மறைத்தால் பள்ளிக்கும் தண்டனை உண்டு. மற்றக் கேலி, மிரட்டல் புகார்களுக்கும் இதே மரியாதையைக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

படத்தை இறக்கும் வேலை மட்டும் போலீஸ் விசாரணைக்காகக் காத்திருக்கக் கூடாது. அந்தரங்கப் படம், ஒட்டுவேலை செய்த படம் என்று புகார் வந்தால் 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று 2021ல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள் நிறுவனங்களுக்குக் கெடு வைத்தன. இதில் முக்கியமானது, பாதிக்கப்பட்டவரின் சார்பில் வேறு ஒருவரும் புகார் கொடுக்கலாம். அதாவது போன் இல்லாத மாணவிக்காக அவளுடைய டீச்சரே கொடுக்கலாம்! எத்தனை டீச்சர்களுக்கு இது தெரியும்? ஆசிரியர் பயிற்சியில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் தெரிந்துவிடும்.

சரி, படம் போட்ட பையனை என்ன செய்வது? அவனும் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளையாக இருப்பான். 2016ன் சிறார் நீதி மாதிரி விதிகளின்படி, கொடிய குற்றமாகவோ பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகவோ இருந்தால் தவிர, சிறுவன் மேல் எஃப்.ஐ.ஆர். போடக் கூடாது. பெற்றோரை வரவழைத்து, ஆலோசனை கொடுத்து, அவன் செய்தது என்ன என்று அவனுக்குப் புரியவைக்க வேண்டும். லத்தியைக் காட்டினால் அடுத்த தடவை மாட்டிக்கொள்ளாமல் செய்யத்தான் கற்றுக்கொள்வான். படத்தை வைத்துப் பணம் கேட்டு மிரட்டும் வயது வந்தவனிடம் போலீஸ் தன் வேகத்தைக் காட்டட்டும், யார் வேண்டாம் என்றது?

நாங்குநேரிக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. 500 மாணவர்களுக்கு மேல் படிக்கும் பள்ளிகளில் நல அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. நல்ல யோசனை. ஆனால் 120 பிள்ளைகள் மட்டும் படிக்கும் கிராமத்துப் பள்ளிக்கு யார் வருவார்? நாலைந்து பள்ளிகளுக்குச் சேர்த்து ஒருவரைப் போடலாம். அவர் கையில் மாவட்ட சைபர் கிரைம் பிரிவின் பெண் அதிகாரி ஒருவரின் நேரடி எண் இருக்கட்டும். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை.

விழிப்புணர்வுப் பேரணி, மேடை, மைக், குரூப் போட்டோ எல்லாம் நடக்கட்டும். ஆனால் பேரணி முடிந்து ஜீப் கிளம்பிய பிறகு கடைசி பெஞ்சில் ஒரு பெண் எதுவும் சொல்லாமல் உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு என்ன ஏற்பாடு என்பதுதான் என் கேள்வி. உங்கள் ஊர்ப் பள்ளியில் அப்படி ஒரு பிள்ளை யாரிடம் போய்ச் சொல்லும்? கொஞ்சம் விசாரித்துப் பாருங்களேன்.