எழும்பு என்று சொல்லாத இடம்



லண்டனில் வேலை பார்க்கும் மகன் குடும்பத்தோடு மூன்று வார விடுப்பில் வந்திருக்கிறான். வந்த மறுநாளே ஒரு கேள்வி. "அப்பா, ஞாயித்துக்கிழமை மத்தியானம் எல்லாரும் போய்ச் சாப்பிடுற மாதிரி ஒரு நல்ல பப் நாகர்கோவில்ல இருக்கா?" பக்கத்தில் இருந்த என் மைத்துனரின் முகம் சுருங்கிவிட்டது. பேரப்பிள்ளைகளை வைத்துக்கொண்டு கேட்கிற கேள்வியா இது என்று. அவர் மனதில் வந்து நின்றது டாஸ்மாக் கடையை ஒட்டிய பார். மகன் கேட்டது அதை அல்ல.

பப் என்பது 'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் சுருக்கம். பொது வீடு என்று சொல்லலாம். இங்கிலாந்தில் ஞாயிறு மதியம் பாட்டன், பாட்டி, மகள், மருமகன், குழந்தை என்று எல்லோரும் அங்கே போகிறார்கள். அடுப்பில் சுட்ட இறைச்சி, உருளைக்கிழங்கு, யார்க்‌ஷயர் புட்டிங், மேலே ஊற்ற ஒரு குழம்பு. இதுதான் அவர்களின் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு. 2007-ல் இங்கிலாந்தில் பப்புக்குள் புகைபிடிப்பதைத் தடை செய்தார்கள். அதன்பிறகு குழந்தைகளோடு போவது இன்னும் எளிதாகிவிட்டது. பெரியவர்களில் சிலர் பீர் குடிப்பார்கள், சிலர் ஆரஞ்சுச் சாறு குடிப்பார்கள். யாரும் யாரையும் திரும்பிப் பார்ப்பதில்லை. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேசினாலும் பில்லோடு யாரும் வந்து நிற்பதில்லை.

நான் பிறந்து வளர்ந்தது புதுச்சேரியில், படித்தது பிரெஞ்சுப் பள்ளியில். 1962 ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது எனக்குப் பத்து வயதுக்கு மேல் இருக்கும். அங்கே அரசாங்க எழுத்தராக வேலை பார்த்து ஓய்வு பெற்று, மனைவியின் ஊரான நாகர்கோவிலுக்கு வந்து சேர்ந்தவன். ஆகவே சாப்பாட்டு மேசையில் ஒரு கிளாஸ் வைன் இருந்தால் வானம் இடிந்து விழும் என்று நினைக்கிறவன் அல்ல. அதே சமயம் நாகர்கோவிலில் ஒரு பப் வேண்டும் என்று மனுப் போடவும் போவதில்லை. என் கட்சி வேறு. மதுவையும் மதியச் சாப்பாட்டையும் தனித்தனிக் கோப்பாகப் போட்டுப் பார்க்க வேண்டும் என்பதுதான்.

மதுக் கோப்பை முதலில் முடித்துவிடுவோம். இந்தியாவிலேயே முதலாவதாக 1937-ல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தவர் ராஜாஜி. பிறகு அது மாகாணம் முழுவதும் பரவியது. 1971-ல் விலக்கு நீங்கியது. மறுபடி மூடினார்கள், மறுபடி திறந்தார்கள். 1983-ல் டாஸ்மாக் நிறுவனம் வந்தது. 1987-ல் கள்ளும் சாராயமும் போயின. 2003-ல் சில்லறை விற்பனையையும் அரசே எடுத்துக்கொண்டது. இத்தனை திருப்பங்களில் குடிப்பது என்பது நம் ஊரில் ஆண்கள் மட்டும், இருட்டில், அவசரமாகச் செய்கிற காரியமாகிவிட்டது. சாப்பாடு அங்கே தொட்டுக்கொள்ள மட்டும்தான். அப்படிப்பட்ட இடத்துக்குக் குடும்பம் போகாது, போகவும் வேண்டாம்.

களியக்காவிளை தாண்டினால் கதை வேறு. கேரளத்தில் கள்ளுக்கடை இன்னும் உண்டு. கப்பையும் மீன்கறியும்தான் அங்கே பெயர்போனவை. எர்ணாகுளம் பக்கம் உதயம்பேரூரில் 'முல்லப்பந்தல்' என்ற கள்ளுக்கடைக்குச் சாப்பாட்டுக்காகவே குடும்பங்கள் வருகின்றன. கள்ளைத் தொடாதவர்கள்கூட மீன்கறிக்காகப் போகிறார்கள். அதாவது, சாப்பாடு நன்றாக இருந்து, பெண்களும் குழந்தைகளும் கூச்சமில்லாமல் உட்கார முடிந்தால், கள்ளுக்கடைகூடக் குடும்பம் போகிற இடமாகிவிடும். அந்த இரண்டும் இல்லாவிட்டால் சுத்த சைவ ஓட்டல்கூடக் குடும்பத்துக்கு ஆகாது.

இப்போது நம் ஓட்டல்களுக்கு வருகிறேன். பிரெஞ்சில் 'ஒத்தேல்' என்றால் தங்கும் இடம். பெரிய மாளிகைக்கும் அந்தப் பெயர் உண்டு. நாம் அதைச் சாப்பாட்டுக் கடையாக்கிவிட்டோம். 'ரெஸ்தோரான்' என்ற பிரெஞ்சுச் சொல் முதலில் உடம்பைத் தேற்றும் ஒரு சாறுக்குத்தான் பெயராக இருந்தது. 18-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் அந்தச் சாறு விற்ற இடங்களுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. களைத்தவன் உட்கார்ந்து தேறுகிற இடம் என்று பொருள் வைத்துக்கொள்ளலாம். ஞாயிறு மதியம் ஒன்றரை மணிக்கு நம் ஓட்டலில் தேற முடியுமா என்பதுதான் கேள்வி.

இந்த மாவட்டத்தில் ஞாயிறு என்பது சாதாரண நாள் அல்ல. மக்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் கிறிஸ்தவர்கள். கோவில் ஆராதனை முடிந்ததும் ஊர் முழுக்க இறைச்சி மணக்கும். இந்து வீடுகளிலும் ஞாயிறு என்றால் மீனோ கறியோதான். சமையல் பெரிதாக நடக்கிற நாள் இது. நடத்துகிறவர் யார்? என் வீட்டில் என் மனைவி. வயது எழுபது, முழங்காலில் தேய்மானம். மகன் இங்கே இருப்பதோ மூன்றே ஞாயிறு. முதல் ஞாயிறு காலை ஆறு மணிக்கு மசாலா அரைக்கத் தொடங்கி, மூன்று மணிக்குப் பாத்திரம் கழுவி முடித்தாள். லண்டனிலிருந்து வந்த ஆறு வயதுப் பேத்தி அடுக்களை வாசலில் நின்றுகொண்டு பாட்டியின் முதுகோடு பேசிக்கொண்டிருந்தாள்.

"வீட்டுச் சாப்பாடு மாதிரி வருமா?" என்று என் வயதுக்காரர்கள் கேட்பீர்கள். வராதுதான். ஆனால் அந்த வீட்டுச் சாப்பாட்டில் எல்லோரும் உட்கார, ஒருவர் மட்டும் நின்றுகொண்டிருக்கிறார். ஸ்விக்கியில் வரவழைக்கலாமே என்பார்கள். வரும், ஆனால் பிரித்துப் பரிமாறி மேசை துடைப்பதும் அதே கைதான். வெளியே போய்ச் சாப்பிடுவது என்பது நாக்குக்காக அல்ல. அந்த ஒருவரும் உட்காருவதற்காக.

அவளிடமே கேட்டேன். "ஓட்டல்ல போயி திங்க எனக்கு ஒரு வெக்கமும் இல்ல. ஆனா எழும்புன்னு எவனும் வந்து நிக்காத இடமாப் பாருங்க" என்றாள். ஒரே வரியில் உத்தரவு முடிந்துவிட்டது.

நம் பழக்கம் பந்திப் பழக்கம். கல்யாண வீட்டில் நாம் இலையில் பாயாசம் ஊற்றும்போதே அடுத்த பந்திக்காரர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார். ஓட்டலும் அதையே படித்துக்கொண்டது. ஓர் ஓட்டலில் நாங்கள் மோர் குடிக்குமுன்பே பில் வந்தது. பக்கத்தில் ஒரு குடும்பம் எங்கள் நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றது. அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? அவர்களுக்கும் பசி.

இன்னொன்று, 'ஃபேமிலி ரூம்' என்ற பலகை. குடும்பத்துக்குத் தனி அறை என்றால், வெளியே உள்ள பெரிய கூடம் யாருக்கு? ஆண்களுக்கு என்றுதானே பொருள்? பெண்கள் திரைக்குப் பின்னால் காற்றில்லாத அறையில் சாப்பிட வேண்டுமாம். பொது இடத்தில் யார் உட்காரலாம் என்பது இந்த மண்ணுக்குப் புதிய கேள்வியும் அல்ல. திருவிதாங்கூர் ஊட்டுப்புரைகளில் பிராமணருக்கு மட்டும் இலவசச் சாப்பாடு நடந்த காலத்தில், சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் எல்லோரையும் ஒரே வரிசையில் உட்கார வைத்துச் சமபந்தி நடத்தினார். அவர் மறைந்தது 1851-ல். அன்றைக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று எண்ணிப் பாருங்கள். சாதிக்கு எடுத்த திரையைப் பெண்களுக்கும் முதியவர்களுக்கும் எடுக்க இன்னும் எத்தனை காலம்?

ஆகவே நான் ஓட்டல் பார்க்கும் விதம் இதுதான். மெனு அட்டையைக் கடைசியில் பார்ப்பேன். முதலில் வாசல்படி: எத்தனை, பிடித்து ஏறக் கம்பி உண்டா? அடுத்தது கழிப்பறை: பெண்களுக்குத் தனியாக, சுத்தமாக, அதே தளத்தில் இருக்கிறதா? பிறகு சத்தம்: தொலைக்காட்சியை அணைக்கச் சொன்னால் அணைப்பார்களா? எட்டுப் பேருக்கு மேசையைச் சேர்த்துப் போடுவார்களா? குழந்தைக்குக் காரமில்லாமல் ஒரு தோசை கிடைக்குமா? இதையெல்லாம் சனிக்கிழமை சாயங்காலம் ஒரு காப்பி குடிக்கப் போய்ப் பார்த்துவிடலாம். மகனுக்குப் பீர் முக்கியமில்லை. அவன் கேட்டது உட்காரும் உரிமையை.

நம் பக்கமும் ஒரு கடமை உண்டு. ஒன்றரை மணி நெரிசலில் போய் இரண்டு மணி நேரம் உட்காருவேன் என்பது நியாயமில்லை. பன்னிரண்டுக்குப் போகலாம், அல்லது இரண்டரைக்குப் போகலாம். முதல் நாளே போனில் சொல்லி வைக்கலாம். நாலு பேருக்கு ஒரு காப்பி வாங்கிவிட்டு மேசையைப் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது. பரிமாறுகிற பையனுக்கும் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருந்திருக்க வேண்டும். அவனுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம்.

ஓட்டல் முதலாளிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஞாயிறு இரண்டரை மணிக்கு மேல் உங்கள் கூடத்தில் பாதி நாற்காலி காலியாகக் கிடக்கிறது. தீயலும் அவியலும் நெய்மீன் குழம்பும் வைத்து, "நிதானமாக இருந்து சாப்பிடலாம்" என்று வாசலில் ஒரு பலகை தொங்கவிடுங்கள். வெளிநாட்டிலும் வெளியூரிலும் பிள்ளைகள் இருக்கும் வீடுகள் இந்த ஊரில் எத்தனையோ. விடுப்பில் வருகிற அவர்களுக்கு அம்மாவோடு உட்கார்ந்து பேசக் கிடைப்பது இரண்டு, மூன்று ஞாயிறுகள்தான்.

இன்னும் இரண்டு ஞாயிறு பாக்கி இருக்கிறது. வடசேரியிலிருந்து கோட்டாறு வரை, இல்லை தக்கலைப் பக்கமானாலும் சரி, அப்படி ஓர் இடம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். படி எத்தனை என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.