ழ இல்லாத கீபோர்டுக்கு எத்தனை ஸ்டார்?

கேமிங் கீபோர்டு ரிவ்யூ எதையாச்சும் பாருங்க மக்களே. லைட்டு எத்தனை கலர்ல எரியுது, ஸ்விட்ச் ப்ளூவா ரெட்டா, மேசையில எவ்ளோ இடம் மிச்சம்... எல்லாம் வரும். இதுல தமிழ் அடிக்க முடியுமாங்கறது மட்டும் வராது. தமிழ்ல பேசற ரிவ்யூவும் அப்படித்தான்.

கேமிங் கீபோர்டுக்கும் தமிழுக்கும் என்னய்யா சம்பந்தம்? இருக்கு. 1999 பிப்ரவரியில சென்னையில நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி தமிழக அரசு தரப்படுத்தின தமிழ்99 விசைப்பலகைக்கு வேண்டியது 31 பொத்தான். உயிருக்கு 12, மெய் வரிசைக்கு 18, புள்ளிக்கு 1. ஆங்கில எழுத்து 26, பக்கத்துல இருக்கற குறிப் பொத்தான் 5, கணக்கு சரியாப் போச்சு. தமிழ் எழுத்துல ஷிப்ட் கிரந்தத்துக்கும் ஆய்தத்துக்கும்தான். 'கதவு'க்கு நாலே தட்டு. ஆங்கில எழுத்தால அடிச்சா ஏழு. கேம்ல ஓட விரல் வைக்கிற டபிள்யூ, ஏ, எஸ், டி இருக்கே, அதுதான் ஈ, அ, இ, உ!

ஆக, 61 பொத்தான் கீபோர்டு நமக்குத் தாராளம். ஹாஸ்டல் மேசைக்கும் அளவு. (ப்ளூ ஸ்விட்ச் மட்டும் வேணாம். ராத்திரியில ஊசிவெடிச் சரம் கொளுத்தின மாதிரி இருக்கும். எங்க ஏரியாவுல அதுக்கு லைசென்ஸ் கேப்பாங்க :-) )

வில்லன் அம்புக்குறியில இருக்கான். 61-ல அதுக்குத் தனி இடம் கிடையாது. அதனால சில மாடல்ல, வலது ஷிப்ட்டை ஒட்டின சாய்கோட்டுப் பொத்தான் தலையிலயே மேல் அம்பையும் ஏத்திடறாங்க. அம்பு மோடுல இருந்தா அது எழுதாது, கர்சர் மேல் வரிக்குத் தாவும். ஆங்கிலக்காரனுக்குக் கேள்விக்குறி போச்சேன்னு சின்ன எரிச்சல். தமிழ்99-ல அந்தப் பொத்தான் என்ன தெரியுமா? ழ! 'தமிழ்'னு அடிச்சா 'தமி' மட்டும் நிக்கும், புள்ளி மேல் வரியில போய் உக்காரும்.

இன்னும் குட்டியா, 40 சதவீதம்னு ஒரு ரகம் விக்கறாங்க. பெரும்பாலும் சதுர அடைப்புக்குறிப் பொத்தானே இருக்காது. அது ரெண்டும் ச, ஞ. சூலக்கரை, சிவகாசி, சாத்தூர்... எங்க மாவட்டத்துல பாதி ஊருக்கு முதல் எழுத்தே காலி. வேற பொத்தானோட சேத்து அமுக்கினா வருமாம். ஊர்ப்பேர் அடிக்கறதுக்கு எதுக்கு சாமி சர்க்கஸ்?

கடையில வாங்கறவங்க தமிழ்99 போட்டு 'சோழன்', 'ஞாயிறு' ரெண்டையும் அடிச்சுப் பாருங்க. ஆன்லைன்ல வாங்கினா, திருப்பி அனுப்பற தேதி முடியறதுக்குள்ள அடிச்சுடுங்க.