கூலியும் பற்றோ?

"பற்றை விடு, பற்றை விடு" என்று பறையறைவோர் தொகை இந்நாளில் மிகப் பெருகிவிட்டது. ஆலய மேடையில் ஒருவர், கைத்தொலைபேசியில் மற்றொருவர், 'விழிப்புணர்வுத் தியானம்' கற்பிக்கக் கட்டணம் பெற்று வரும் பயிற்சியாளர் பிறிதொருவர். அனைவரும் புத்தர் பெருமான் பெயரையே முதலாக வைத்து வாணிகம் நடத்துகின்றனர். அப்பெருமான் சொன்னது யாது, இவர்கள் சொல்வது யாது என்று வினவுவார் அரியர்.

தோட்டத்துக் கிராணிக்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு என்பாரும் உளர். காரணம் உண்டு, நேயர்களே! செம்பனைத் தோட்டமொன்றில், கூலி குறைந்ததென்று முறையிட்ட தொழிலாளரை மண்டபத்தில் அமர்த்தி, "கண்ணை மூடி மூச்சைக் கவனியுங்கள்; குறை என்பது மனத்தின் பற்றே" என்று ஒரு பயிற்சியாளர் உபதேசித்ததை யாம் நேரிற் கேட்டோம். பசித்தவனுக்குப் பசியே பற்றென்று போதிக்கும் இந்தச் சாமர்த்தியம் எந்தப் பிடகத்தில் உள்ளது?

பாலி நூல்கள் 'உபாதானம்' என்னும் பற்றினை நான்காக வகுக்கின்றன: புலனின்பப் பற்று, கொள்கைப் பற்று, சடங்கும் நோன்புமே வீடளிக்கும் என்னும் பற்று, 'யான்' என்னும் ஆன்மக் கொள்கைப் பற்று. உழைத்தவன் உரிய கூலியைக் கேட்பது இவற்றுள் எதன்பாற்படும்? (மூன்றாவதைக் கேட்ட மாத்திரத்தில் ஆலய மேடையார் பேச்சை மாற்றிவிடுவர், அது நிற்க.)

இன்னும் கேளுங்கள். இராசகிருகத்தில் சிகாலன் என்னும் இளைஞன் ஈர உடையுடன் ஆறு திசைகளையும் வணங்கி நின்றான். அவனுக்குப் புத்தர் உரைத்த அறம் தீக நிகாயத்துச் சிகாலோவாத சூத்திரமாக விளங்குகின்றது. திசைகளை வணங்குவதாவது பெற்றோர், ஆசிரியர், மனைவி மக்கள், நண்பர், பணியாளர், துறவியர் ஆகியோரிடத்துக் கடமை தவறாமையே என்றார். பணியாளர்க்குத் தலைவன் ஆற்றவேண்டியவை ஐந்து: வலிமைக்கேற்ற வேலை தருதல், உணவும் கூலியும் அளித்தல், நோயிற் பேணுதல், அரிய சுவைப்பண்டம் கிடைத்தாற் பகிர்தல், உரிய காலத்தில் ஓய்வு விடுதல். இவ்வைந்தும் ஆங்கிலத்தில் எத்தனையோ முறை அச்சேறியுள்ளன. பயிற்சியாளர் படித்திலர் போலும். அன்றிப் படித்தும் மறைத்தனர் போலும். எதுவாயினும் அவர் பெற்ற கட்டணம் மிகை.

தம்மபதத்தின் பழைய உரையில் ஒரு கதை உண்டு. ஆளவி என்னும் ஊரில் ஓர் ஏழை உழவன், காணாமற்போன எருதைத் தேடி அலைந்து, பசியோடு அவைக்கு வந்தான். புத்தர் அதுகாறும் பேசாதிருந்தார். அவனுக்கு முதலில் உணவிடச் செய்து, அவன் உண்டு களைப்பாறிய பின்னரே அறம் உரைத்தார். பசிநோவுடையான் செவியில் உபதேசம் ஏறாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

இதனால் தியானத்தை யாம் இகழ்கின்றோம் என்று கருதற்க. மச்சிம நிகாயத்துச் சதிபட்டான சூத்திரம் உடல், நுகர்ச்சி, மனம், மனத்துறும் பொருள்கள் என்னும் நான்கினையும் உள்ளவாறே நோக்கப் பணிக்கின்றது. நடக்கையிலும் குனிகையிலும் உண்கையிலும் அந்நோக்கு வேண்டும் என்கிறது. நோவு எழுந்தால் நோவு என்று அறியச் சொல்கிறது. நோவு இல்லை என்று நடிக்கச் சொல்லவில்லை. 1979-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்தில் ஜான் கபாட்-சின் என்பார் இப்பயிற்சியை நோயாளர்க்கெனத் தொடங்கினார். அங்கு அது நன்மை தந்ததாயின் மகிழ்ச்சியே. ஆனால் எண்வகை நெறியில் நற்கடைப்பிடி ஏழாவது. நல்வாழ்க்கை, அதாவது பிறரை வருத்தாத பிழைப்பு, ஐந்தாவது. ஐந்தை எறிந்துவிட்டு ஏழை மட்டும் விற்பது என்ன நியாயம்?

எம் தொழிலோர்க்கு ஒரு செய்தி. பர்மாவில் கணக்கு அலுவலகத்தில் எழுத்தராகப் புகுந்த ஊ பா கின், 1948-இல் அந்நாடு விடுதலையுற்றபோது தலைமைக் கணக்காயரானார். தியான ஆசிரியராகவும் விளங்கித் தம் அலுவலர்க்கே கற்பித்தார். ஆயினும் மூச்சைக் கவனித்தவர் பேரேட்டைக் கவனியாது விட்டாரல்லர்.

எம் மேசைமேலும் செக்ரோல் புத்தகம் ஒன்று உண்டு. அப்பயிற்சியாளர் மீண்டும் வருவாராயின், மேலாளரோடு அமர்ந்து, கண்ணைத் திறந்தபடியே, ஒரு நாழிகை அதன் பக்கங்களைக் கவனிப்பாராக. அவருடைய கட்டணம் எந்தத் தலைப்பின்கீழ் எழுதப்பெற்றது என்பதையும் யாம் காட்டுவோம்.