சாப்பாட்டிலும் ஒரு 'கட்டிங்'

இரவு ஒன்பது மணி. ஐரோலியின் கம்ப்யூட்டர் நிறுவனங்களிலிருந்து வெளியே வரும் இளைஞர்கள் உடுப்பி ஓட்டல் மேஜைகளை நிரப்புகிறார்கள். காலையில் இட்லி வடை, மதியம் அலுவலகக் கேன்டீன், இரவில் வெண்ணெய் மிதக்கும் மைசூர் மசாலா. தமிழ்நாட்டிலிருந்து வந்து அறை எடுத்துத் தங்கியிருப்பவர்களில் பலருக்கு ஓட்டல் என்பது எப்போதாவது போகும் இடமல்ல. அதுதான் சமையலறை.

எனவே 'வெளியில் சாப்பிடாதீர்கள்' என்ற டாக்டரின் அறிவுரையால் இவர்களுக்குப் பயனில்லை. வெளியில் எப்படிச் சாப்பிடுவது என்பதுதான் கேள்வி. அலட்சியப்படுத்தக்கூடிய கேள்வியும் அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் சென்னை ஆய்வாளர்கள் நடத்திய நாடு தழுவிய ஆய்வு, 10.1 கோடி இந்தியர்களுக்கு நீரிழிவு இருப்பதாக 2023இல் மதிப்பிட்டது. மேலும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள்.

அரசு ஒரு வழி காட்டியது. மத்திய உரிமம் பெற்ற ஓட்டல்களும், பத்து அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் கொண்ட ஓட்டல்களும் மெனுவில் கலோரி அளவைக் குறிப்பிட வேண்டும் என்ற விதி 2022 ஜூலையில் அமலுக்கு வந்தது. பீட்சா, பர்கர் கடைகளுக்குச் சரி. தெருமுனையில் ஒற்றைக் கடையாக இருக்கும் உடுப்பி ஓட்டல் இதில் அகப்படாது. அங்கே வாடிக்கையாளர்தான் வாயைத் திறக்க வேண்டும்.

திறந்தால் பலன் உண்டு. தோசை, சொன்ன பிறகு வார்க்கப்படுவது. "பட்டர் மத் டாலோ, தேல் கம்" என்று சர்வரிடம் சொல்ல அரைகுறை இந்தி போதும். வடை அப்படியல்ல. எண்ணெய் எத்தனை முறை காய்ந்தது என்பது சாப்பிடுபவருக்குத் தெரியாது. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய்க்கு 2018 முதல் சட்டப்படி வரம்பு இருக்கிறது. ஆனால் மேஜையில் உட்கார்ந்து அதை அளக்க முடியாது. ஆவியில் வெந்த இட்லியில் இந்தச் சந்தேகமே இல்லை.

சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறினால் போதும் என்று நினைப்பவர்கள் ஏராளம். அதே ஆய்வின் 2025ஆம் ஆண்டு முடிவுகள் இந்த நம்பிக்கையைக் கலைக்கின்றன. இந்தியர்களின் கலோரிகளில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. அந்த மொத்த அளவு குறையாதவரை, அரிசிக்குப் பதில் கோதுமையோ சிறுதானியமோ சாப்பிடுவதால் மட்டும் ஆபத்து குறைவதில்லை. அந்த இடத்தில் கொஞ்சம் பருப்பு, தயிர், முட்டை வந்தால் குறைகிறது. ராகி தோசை நல்லதுதான். ராகிதானே என்று இரண்டு தோசை சாப்பிட்டால் கணக்கு உதைக்கும். மூன்றாவது இட்லிக்குப் பதில் இன்னொரு கிண்ணம் கெட்டிச் சாம்பார் கேட்பது புத்திசாலித்தனம்.

உண்மையான சோதனை ஞாயிற்றுக்கிழமை. தாணேயில் ரயில் மாறி மாட்டுங்காவுக்குப் போனால், 1942இல் தொடங்கிய ராமா நாயக் உடுப்பி போர்டிங்கில் வாழை இலை காத்திருக்கிறது. அங்கே அளவுச் சாப்பாடும் உண்டு, அளவில்லாச் சாப்பாடும் உண்டு. அளவில்லாததற்குப் பணம் கொடுத்தவர் பசிக்குச் சாப்பிடுவதில்லை, கொடுத்த காசுக்குச் சாப்பிடுகிறார். மாதம் ஒருமுறை என்றால் அது விருந்து. வாரா வாரம் என்றால் அளவுச் சாப்பாடே நல்லது. இலையில் பொரியலும் கூட்டும் முதலில், சோறு பிறகு. அப்பளமும் ஊறுகாயும் பெரும்பாலும் உப்பு. ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குக் குறைவாகவே உப்பு சேர்க்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

மும்பைக்கு இதெல்லாம் புதிதல்ல. தேநீரில் பாதி போதும் என்பதற்கு 'கட்டிங்' என்று பெயரே வைத்த ஊர் இது. (தமிழ்நாட்டில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் வேறு.) 'ஏக் கட்டிங்' என்று கேட்க இங்கே யாரும் கூச்சப்படுவதில்லை. அந்தப் பழக்கத்தைச் சாப்பாட்டு மேஜைக்கும் கொண்டுவந்தால் போதும். பாதிச் சோறு, பாதிச் சர்க்கரை, இருவருக்கு ஒரு மசாலா தோசை. பர்ஸுக்கும் நல்லது.