இத்தாலியக் குடியானவன் அடுப்பும் நம் அடுப்பும்

ஐரோலி ரயில் நிலையத்துக்கு அருகில் எழும்பி நிற்கும் கணினி நிறுவன வளாகங்களைச் சுற்றி இன்று இத்தாலிய உணவு தாராளமாகக் கிடைக்கிறது. பெயர் வாயில் நுழையாது. விலையோ பைக்கு அடங்காது. நம் இளைஞர்கள் சம்பள நாளன்று நண்பர்களுடன் போய் அதை உண்டு, பெரிய இடத்து உணவை உண்ட பெருமையோடு அறைக்குத் திரும்புகிறார்கள். உண்பது அவரவர் விருப்பம். ஆனால் அதைப் பெரிய இடத்து உணவு என்று எண்ணுவதுதான் பிழை. இத்தாலியில் அது பிறந்த இடம் குடியானவன் வீடு. வளர்ந்த இடம் கூலிக்காரன் அடுப்பு. இந்த உண்மையை அறிந்துகொண்டால் நம் ஒற்றை அறைச் சமையலுக்கும் ஒரு வழி பிறக்கும்.

ஏழைச் சமையல்

இத்தாலியர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயரே 'கூச்சினா போவெரா' என்பது. 'ஏழைச் சமையல்' என்று பொருள். கையில் இருக்கும் மூன்று நான்கு பொருள்களை வைத்துக்கொண்டு, எதையும் வீணாக்காமல், வயிறு நிறையச் சமைப்பது அதன் இலக்கணம். 'அல்யோ எ ஓலியோ' என்று விடுதிப் பட்டியலில் பகட்டாக எழுதியிருக்கிறார்களே, அதற்குப் 'பூண்டும் எண்ணெயும்' என்பதைத் தவிர வேறு பொருளில்லை. பாலாடைக்கட்டி வாங்க வசதியற்ற தென் இத்தாலியர்கள், காய்ந்த ரொட்டித் துருவலை எண்ணெயில் பொன்னிறமாக வறுத்து அதன் மேல் தூவிக்கொண்டார்கள். தஸ்கனிப் பகுதியில், முதல் நாள் மிஞ்சிய காய்கறி அவரைச் சாற்றில் காய்ந்த ரொட்டியைப் போட்டு மறுநாள் மீண்டும் கொதிக்க வைப்பார்கள். அதன் பெயர் 'ரிபொல்லீத்தா'. அதாவது, 'மறுபடி கொதித்தது'. கலியாண வீட்டின் மறுநாள் பழங்கறியைச் சுவைத்த நெல்லைச் சீமைக்காரருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தச் சமையலை உலகெங்கும் கொண்டு சென்றவர்கள் அரசர்களோ பெரிய சமையற்கலைஞர்களோ அல்லர். நம்மைப் போல் பிழைப்புத் தேடிப் போனவர்கள். 1880-க்கும் 1920-க்கும் இடையே ஏறத்தாழ 40 லட்சம் இத்தாலியர்கள் அமெரிக்காவில் போய் இறங்கினார்கள். அவர்களில் பெரும்பாலோர் வறண்ட தென் பகுதிகளின் குடியானவர்கள். பூண்டு வாடை என்று அங்கே அவர்களை ஏளனம் செய்தார்கள். அவர்கள் பூண்டை விடவில்லை. இன்று அந்தப் பூண்டுக்காகவே ஊரார் வரிசையில் நிற்கிறார்கள். 2025 டிசம்பர் 10 அன்று தில்லி செங்கோட்டையில் கூடிய யுனெஸ்கோ குழு, இத்தாலியச் சமையலை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்தது. அதே நாளில்தான் நம் தீபாவளியும் அப்பட்டியலில் இடம்பெற்றது.

நம் அறைகளின் நிலை

இப்போது நம் பக்கம் திரும்புவோம். தானே-பேலாப்பூர் சாலைத் தொழிற்பேட்டையிலும் அலுவலகங்களிலும் வேலை பார்க்கும் நம்மவர்களில் பலர் ஓர் அறையில் மூவர் நால்வராகத் தங்கியிருக்கிறார்கள். ஓர் அடுப்பு, ஒரு குக்கர், இரண்டு பாத்திரம்: இதுதான் சமையலறை. காலையில் வடா பாவ், மதியம் மெஸ் சாப்பாடு, இரவில் பொட்டலத்து நூடுல்ஸ் என்று நாள் ஓடுகிறது. கேட்டால், "சாம்பார், ரசம், பொரியல் எல்லாம் யார் சார் செய்வது?" என்கிறார்கள். முழுச் சமையல் முடியாதென்றால் சமையலே வேண்டாம் என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். அதனால் பணமும் போகிறது, வயிறும் கெடுகிறது. ஊருக்கு அனுப்ப வேண்டிய தொகையில் ஒரு பகுதி விடுதிக் கல்லாவில் விழுகிறது.

குடும்பத்தோடு இருப்போர் வீட்டில் வேறொரு துன்பம். கணவனும் மனைவியும் ஒரே ரயில் நெரிசலில் நின்று வருகிறார்கள். வீடு சேர்ந்ததும் கணவர் கைபேசியோடு உட்கார, மனைவி இரண்டு அடுப்பில் மூன்று வகை சமைக்க நிற்கிறாள். குழம்பும் கூட்டும் இல்லாவிட்டால் அது சாப்பாடே அன்று என்ற எண்ணம், உழைக்கும் பெண்ணின் ஓய்வை நாள்தோறும் பறித்துக்கொள்கிறது. இத்தாலியக் குடியானவன் வீட்டு இரவு உணவு ஒரே பாத்திரத்தில் முடிந்துவிடும். வயலிலிருந்து களைத்து வந்த பெண்ணுக்கு அதற்கு மேல் முடியாது என்பதை அந்த வீடு ஒப்புக்கொண்டது. நாம்தான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

நாலு பொருளில் நாலு வகை

செய்முறை கடினமோ என்று அஞ்ச வேண்டாம். ஒருவருக்கு 100 கிராம் ஸ்பகெட்டி போதும். ஒரு லிட்டர் தண்ணீர் தளதளவென்று கொதித்ததும், இரண்டு சிறு கரண்டி உப்பிட்டு வேக விட வேண்டும். நாலு பல் பூண்டை மெல்லிய வில்லைகளாக நறுக்கி, மூன்று மேசைக்கரண்டி எண்ணெயில், சிறு தீயில் வதக்க வேண்டும். பூண்டு வெளிர்பொன் நிறமானதும் காய்ந்த மிளகாய் இரண்டைக் கிள்ளிப் போட்டு அடுப்பை அணைத்துவிட வேண்டும். பூண்டு கருகினால் எல்லாம் கசக்கும். வெந்த ஸ்பகெட்டியை இதில் சேர்த்து, வெந்த தண்ணீரில் ஒரு கரண்டி விட்டு, மீண்டும் அடுப்பேற்றி வேகமாகக் கிளறினால் எண்ணெயும் கஞ்சியும் கூடிப் பளபளவென்று ஒட்டிக்கொள்ளும். வடிகஞ்சியின் அருமை தெரிந்த நமக்கு இந்தச் சூட்சுமம் புதிதன்று. கால் மணி நேரத்தில் சாப்பாடு ஆயிற்று.

ஆலிவ் எண்ணெய்க்கு எங்கே போவது என்று சிலர் கேட்கலாம். தம் மண்ணில் விளைந்த எண்ணெயையே அவர்கள் பயன்படுத்தினார்கள். நாமும் அப்படியே செய்யலாம். நல்ல கடலை எண்ணெயில் செய்தால் ருசி சற்று மாறும், சோடை போகாது. ஆனால் மக்கரோனியையும் ஸ்பகெட்டியையும் வாங்கும்போது பார்த்து வாங்க வேண்டும். துரம் என்னும் கெட்டிக் கோதுமையின் ரவையில் செய்தது குழையாது. மைதாவில் செய்தது பசையாகிவிடும்.

இரண்டாவது, மக்கரோனியும் அவரையும். இரவே ஊற வைத்த ராஜ்மாவையோ காராமணியையோ பூண்டும் ஒரு வெங்காயமும் சேர்த்துக் குக்கரில் நன்றாக வேக வைத்து, பாதியை மசித்து, தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்து, அதிலேயே ஒரு பிடி மக்கரோனியைப் போட்டு வேக விட வேண்டும். இறக்கும்போது மிளகுத்தூளும் ஒரு கரண்டி எண்ணெயும். அமெரிக்காவிலிருந்து ராஜ்மா இனங்கள் வருமுன் இத்தாலியர் உண்டது காராமணியைத்தான். மராட்டியர் 'சவளி' என்று விற்கும் அதே காராமணி.

மூன்றாவது, தக்காளி ரொட்டிக் கூழ். நம் அறைகளில் வாங்கி மீந்து கல்லாகிப் போகும் பாவ் ரொட்டிக்கு இதைவிட நல்ல கதி கிடையாது. பூசணம் பூத்ததை மட்டும் தூர எறிந்துவிட வேண்டும். எண்ணெயில் பூண்டை வதக்கி, அரைக் கிலோ பழுத்த தக்காளியை உப்போடு கரையும்வரை வேக வைத்து, நாலு பாவைப் பிய்த்துப் போட்டு, தண்ணீர் விட்டுக் கிளறினால் இருவருக்கு உணவு. மேலே தூவ அவர்கள் பயன்படுத்தும் இலை 'பாசிலிக்கோ'. அது நம் திருநீற்றுப்பச்சிலைதான். ஃபலூடாவில் மிதக்கும் சப்ஜா, அதன் விதை. ஒரு சிட்டிகை சப்ஜாவைப் பழைய டப்பாவில் மண்ணிட்டு விதைத்து, வெயில் படும் ஜன்னலில் வைத்தால் கடையில் தழை வாங்கும் செலவும் மிச்சம்.

நான்காவது, கோதுமைக் கஞ்சி. தஸ்கனியின் மலைப்புறமான கர்ஃபஞானாவில் 'ஃபார்ரோ' என்னும் பழங்கோதுமையை அவரையோடு சேர்த்துக் கஞ்சியாகக் காய்ச்சுகிறார்கள். இக்காலத்தில் அதற்கு உலகச் சந்தையில் நல்ல விலை. அதே இனத்தை மராட்டியர் 'கப்ளி' என்பர். நாம் சம்பா கோதுமை என்போம். நம் பாட்டிமார் சர்க்கரை நோய்க்காரருக்குச் சம்பா ரவைக் கஞ்சி காய்ச்சியது வேறு எதனாலும் அன்று, அதே தானியத்தால்தான்.

ஏழ்மையைப் புகழ்வதா?

இங்கே ஒரு மறுப்பு எழும். "ஏழையின் உணவைப் புகழ்வது ஏழ்மையைப் புகழ்வதாகாதா?" என்று கேட்பர். நியாயமான கேள்வி. வட இத்தாலியின் ஏழைக் குடியானவர்கள் நீண்ட காலம் 'பொலெந்தா' என்னும் மக்காச்சோளக் களியையே மூன்று வேளையும் தின்று வாழ்ந்தார்கள். அது ருசிக்காக அன்று. வேறு எதுவும் கிடைக்காததால். அதன் பலனாக, தோல் வெடித்து, வயிறு கழன்று, கடைசியில் புத்தியும் பேதலிக்கும் ஒரு நோய் அங்கே பல்லாயிரம் பேரைத் தாக்கியது. 1771-இல் மிலான் மருத்துவர் பிராப்போலி அதற்குப் 'பெல்லாக்ரா' என்று பெயரிட்டார். நியாசின் என்னும் உயிர்ச்சத்துக் குறைவே காரணம் என்பது மிகவும் பிந்தியே தெளிவாயிற்று. நம் நாட்டிலும் தக்காணப் பீடபூமியில் சோளத்தையே முழு உணவாகக் கொண்ட ஏழைகளிடம் அந்நோய் இருந்ததை, 1960-களில் ஐதராபாத்தில் டாக்டர் சி. கோபாலனும் அவர் குழுவினரும் ஆராய்ந்தார்கள்.

ஆகவே, குறைந்த பொருள் என்பது வேறு. ஒரே பொருள் என்பது வேறு. தானியத்தோடு ஒரு பருப்போ அவரையோ, ஒரு காயோ கீரையோ, கொஞ்சம் எண்ணெய் என்று சேர்ந்தால்தான் அது உணவு. மராட்டியக் குடியானவன் சோள பாக்கரியோடு கடலைமாவு ஜுண்காவைச் சேர்த்ததும் இதனால்தான். 1995-இல் இம்மாநில அரசு ஒரு ரூபாய்க்கு வழங்கத் தொடங்கியது அந்த ஜுண்கா பாக்கரியைத்தான். நான் சொல்லும் நால்வகையில் பூண்டு எண்ணெய் ஸ்பகெட்டியும் தக்காளிக் கூழும் அவசரத்துக்கு உகந்தவை. நாள்தோறும் அவற்றையே உண்ணக் கூடாது. வாரத்தில் பாதி நாளாவது அவரையும் காராமணியும் சட்டியில் ஏற வேண்டும். வாங்க வழியில்லாமல் களியோடு நிற்பவனுக்குச் செய்முறை சொல்வது கேலிக்கூத்து. அவனுக்கு வேண்டியது கூலி உயர்வு. வாங்க வழி இருந்தும் சமைக்க நாணுகிறவருக்கே இக்கட்டுரை.

நாணம் என்று சொல்லக் காரணம் உண்டு. பூண்டும் எண்ணெயும் சேர்ந்த சேமியாவுக்கு விடுதியில் நூற்றுக்கணக்கில் கொடுக்கும் நம் பிள்ளை, அறைத் தோழன் கேழ்வரகுக் களி கிண்டினால் சிரிக்கிறான். கருவாட்டுக் குழம்பின் வாடை பக்கத்து வீட்டுக்குப் போய்விடுமே என்று கதவைச் சாத்துகிறான். அலுவலகத்தில் பழைய சோறும் சின்ன வெங்காயமும் தின்றதாகச் சொல்ல அவனுக்கு வாய் வருவதில்லை. இத்தாலியன் தன் காய்ந்த ரொட்டிக் கூழை வெளிநாட்டு விருந்தாளிக்கும் எடுத்து வைத்து, அதன் பெயரையும் ஊரையும் பெருமையோடு சொன்னான். அவன் சமையல் உலகேறியதற்கு அதுவும் ஒரு காரணம். நம் பண்டம் எந்த விதத்திலும் குறைந்ததன்று. அதைச் சொல்ல நமக்குத்தான் குரல் எழவில்லை.

வாரத்தில் இரண்டு இரவாவது ஐரோலியின் ஒவ்வொரு தமிழர் அறையிலும் ஒரே பாத்திரச் சமையல் நடக்கட்டும். ஒரு நாள் இத்தாலியன் வழியில் காராமணியும் மக்கரோனியும். மறுநாள் நம் வழியில் களியும் கீரைக் கடைசலும். குடும்பமாக இருப்பவர்கள் வீட்டில் அந்த இரண்டு இரவும் கரண்டி ஆண்கள் கையில் இருக்கட்டும். பூண்டு நறுக்கத் தெரிந்தால் போதும். வேறு தேர்ச்சி தேவையில்லை. மாதக் கடைசியில் மிஞ்சும் ரூபாயைக் கணக்குப் பார்த்தால் லாபம் தானே தெரியும். வீட்டுப் பெண் உட்கார்ந்து இளைப்பாறிய அந்த இரண்டு மணி நேரத்தையும் மறவாமல் அக்கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.