பழைய கணிப்பொறியும் புதிய இயக்கியும்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய தேக்குக் கதவுக்கு விலை உண்டு. பத்தாண்டு கண்ட கணிப்பொறியோ எடைக்குப் போகிறது. படம் விட்டுவிட்டு ஓடுகிறது, திரை நடுங்குகிறது என்பனவே பெரும்பாலும் அதன்மேல் சாட்டப்படும் குற்றங்கள். பழுதோ, வரைகலை அட்டையை இயக்கும் 'இயக்கி' என்னும் மென்பொருளில் இருக்கலாம்.

தமிழக அரசு 2011 முதல் மாணவர்க்கு வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோசுடன், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சும் இருந்தது. அதனைத் திறந்து பார்த்தோர் எத்தனை பேர்?

லினக்சில் புதிய இயக்கி வேண்டுவோர் உற்பத்தியாளரின் கோப்பை நேரே இறக்கி நிறுவ விரைகின்றனர். இது தவறு என்பேன். லினக்சின் கருனி அடுத்துப் புதுப்பிக்கப்படும்போது அவ்வியக்கி பொருந்தாமல் திரை இருண்டுபோகக்கூடும். மேலும், புதியது பழைய அட்டையை அறியாது. என்விடியா தன் 340 வரிசை இயக்கிகளுக்கு 2019 இறுதியோடும், 390 வரிசைக்கு 2022 இறுதியோடும் ஆதரவை நிறுத்திவிட்டது. பூட்டுச் செய்தவனே சாவியையும் வைத்துக்கொண்டால் வேறென்ன நேரும்?

இன்டெல், ஏஎம்டி அட்டைகளுக்கான திறந்த இயக்கிகள் கருனியிலும் மெசா தொகுப்பிலுமே அமைந்துள்ளன. பாஸுக்குத் தாயான டெபியனில், புதிய கருனியைப் 'பேக்போர்ட்ஸ்' களஞ்சியத்திலிருந்து முறையாகப் பெறலாம். என்விடியாவுக்கும் 'நூவோ' என்னும் திறந்த இயக்கி உண்டு. விரைவு குறைவுதான், ஆயினும் தட்டச்சுக்கும் மின்னூல் வாசிப்புக்கும் போதும்.

வீண்விரயத்தை நம் மார்க்கம் வெறுக்கிறது. புதிய கணிப்பொறிக்கு நன்கொடை திரட்டுமுன், பழையவற்றை ஒரு சனிக்கிழமை நம் கணிப்பொறித் துறை மாணவர் கையில் ஒப்படைத்துப் பார்க்கலாமே!